திறவுகோலும் செங்கோலும்

கண்டி தலதா மாளிகையை ஒட்டி மகுல் மடுவ என்ற மண்டபம் இருக்கிறது. சுற்றுச்சுவர் கிடையாது, செதுக்கு வேலை செய்த மரத்தூண்கள், மேலே ஓடு வேய்ந்த சரிவுக் கூரை, அவ்வளவுதான். வருகிறவர்கள் தூணில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ராஜாதி ராஜசிங்கன் எழுப்பத் தொடங்கிய மண்டபம் இது. கண்டி அரசன் கொலுவீற்றிருந்தது இங்கே. 1815 மார்ச் 2ஆம் திகதி அவனுடைய நாட்டைப் பிரித்தானிய முடியிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை வாசிக்கப்பட்டதும் இங்கே. பிறகு ஆங்கிலேயர் இதை நீதிமன்றமாக வைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் தூய பவுல் தேவாலயம் எழும்பும்வரை அவர்களுடைய ஞாயிறு ஆராதனைக்கும் இதே கூரைதான் நிழல் தந்தது. 2020 ஆகஸ்ட் 12ஆம் திகதி இலங்கையின் புதிய அமைச்சரவை பதவிப் பிரமாணம் செய்ய வந்து நின்ற இடமும் இதுவே. கொழும்பில் இதைவிட வசதியான மண்டபங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் தலதா என்ற புத்தரின் பல் இல்லை.

அரசும் கடவுளும் ஒரே மதிலுக்குள் குடியிருக்கும் ஏற்பாட்டுக்கு ஆங்கிலம் வழியாக நமக்கு வந்திருக்கும் பெயர் ‘தியோக்கிரசி’. செய்திப் பத்திரிகைகள் அதை மதவாட்சி என்று எழுதுகின்றன. கொஞ்சம் மரியாதை வைத்திருப்பவர்கள் இறையாட்சி என்கிறார்கள். முதலாவது வசை, இரண்டாவது பிரார்த்தனை. இரண்டுக்கும் நடுவில் கண்டியை எங்கே வைப்பது என்று பார்க்க, மூலச் சொல் பிறந்த இடத்துக்கே ஒருமுறை போய்வரலாம்.

எந்த மனிதர் எதற்காக உண்டாக்கினார் என்று தெளிவாகத் தெரிந்த அபூர்வமான அரசியல் சொற்களில் இது ஒன்று. யோசேப்பஸ் என்ற யூத வரலாற்றாசிரியர் கி.பி. 37இல் எருசலேமில் குருமார் குடும்பத்தில் பிறந்தார். ரோமருக்கு எதிரான போரில் கலிலேயாவில் படை நடத்தினார்; 67இல் சரணடைந்தார்; 70இல் எருசலேம் ஆலயம் எரிந்தபோது எரித்தவர்களின் முகாமில் இருந்தார். பிற்பாடு ரோமில் பேரரசரின் தயவில் உட்கார்ந்து தம் மக்களின் கதையை எழுதினார். யூதரை இழித்துப் பேசிய அப்பியோன் என்ற அலெக்சாந்திரியா இலக்கண ஆசிரியனுக்கு மறுப்பாக, முதலாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், அவர் எழுதிய நூலின் இரண்டாம் பாகத்தில்தான் அந்தச் சொல் வருகிறது. ஆட்சியை ஒருவனிடம் கொடுத்த நாடுகள் உண்டு, சிலரிடம் கொடுத்த நாடுகள் உண்டு, பலரிடம் கொடுத்தவையும் உண்டு; எங்கள் சட்டம் தந்த மோசே அதைக் கடவுளிடம் கொடுத்தார் என்பது அவர் வாதம். கடவுளுக்குக் கிரேக்கத்தில் ‘தியோஸ்’, அதிகாரத்துக்குக் ‘கிராத்தோஸ்’. இரண்டையும் ஒட்டிவிட்டு, சொல்லைச் சற்று வலிந்துதான் ஆக்குகிறேன் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

அவர் எழுதும்போது ஆலயம் இல்லை, பலி இல்லை, நாடு இல்லை. கடவுளின் ஆட்சி என்று பெயர் வைக்கப்பட்டபோது அந்த ஆட்சி முடிந்து இருபது வருஷத்துக்கு மேலாகியிருந்தது. வெற்றிபெற்றவனுடைய ஊரில், கிரேக்க மொழியில், அவன் மதிக்கும்படியாக அந்தப் பெயர் வைக்கப்பட்டது. அதே நூலில் சில பக்கம் தள்ளி இன்னொன்றும் சொல்கிறார்: அரசர் கடவுள், நிர்வாகம் குருமாரிடம், குருமாருக்கு மேல் தலைமைக் குரு. ஆக, சொல் பிறந்தபோதே அதன் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது.

தமிழுக்கு இப்படி ஒட்டவைக்கும் வேலையே தேவைப்படவில்லை. இறை என்றால் அரசன், இறை என்றால் கடவுள், இறை என்றால் வரி. திருக்குறளின் முதல் அதிகாரத்தில் இறைவன் என்று வருவது கடவுள்; முப்பத்தொன்பதாம் அதிகாரமான இறைமாட்சி முழுக்க அரசனைப் பற்றியது. கோ இருக்கும் இல் கோயில், அது அரண்மனையா சந்நிதியா என்று பழைய தமிழ் கவலைப்படவில்லை. இந்த மூன்றாவது பொருளான வரியைத்தான் நம் ஆன்மிகப் பேச்சாளர்கள் மறந்துவிடுகிறார்கள். கல்வெட்டுகள் மறக்கவில்லை. கோயிலுக்கு விட்ட நிலம் இறையிலி, அதாவது அரசனுக்கு வரி கட்டாத நிலம். கடவுளுக்கும் அரசனுக்கும் இருந்த உறவை ஒரு கணக்குப்பிள்ளையின் கண்ணோடு பார்த்த சொல் அது.

கண்டியிலும் இதே கணக்குதான். விகாரைக்கான ஊர் விகாரகம், கடவுளரின் தேவாலயத்துக்கான ஊர் தேவாலகம். அங்கே நிலத்தை உழுகிறவர் அரசனுக்குச் செய்யவேண்டிய ஊழியத்தைக் கோயிலுக்குச் செய்வார்: ஒருவர் மேளம், ஒருவர் பந்தம், ஒருவர் நெல், ஒருவர் ஆட்டம். ஆங்கிலேயர் 1870இல் ஊழியக் காணிகளுக்கென்று தனிக் கட்டளைச் சட்டமே இயற்றி, ஊழியத்தைப் பணமாக மாற்றிக் கட்டவும் வழிசெய்தார்கள். ஆனாலும் எசல பெரஹர ஊர்வலத்தில் மேளம் அடித்துப் போகிறவர்களிலும் ஆடிப் போகிறவர்களிலும் பாட்டன் காலத்துக் காணிக்காக வருகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. வேடிக்கை பார்க்கிறவருக்கு அது கலைநிகழ்ச்சி. ஆடுகிறவருக்கு அது கலையும் பக்தியுமாக இருக்கலாம், கூடவே காணி உறுதியும்.

ஆனால் கண்டியை இறையாட்சி என்று சொல்வதில் ஒரு சிக்கல். உச்சியில் இருப்பவர் இறைவன் இல்லை. புத்தர் கடவுள் அல்லர் என்று சின்னப் பிள்ளைக்கும் அங்கே சொல்லித்தருகிறார்கள். கடவுளர் வேறு, அவர்கள் மாளிகையின் எதிரிலும் பக்கத்திலும் தனித்தனி தேவாலயங்களில் இருக்கிறார்கள். நாத, விஷ்ணு, கதிர்காமக் கடவுள், பத்தினி. நாதவின் கோயில் பதினான்காம் நூற்றாண்டுக் கட்டடம், நகரத்தில் எல்லாவற்றிலும் பழையது. பத்தினி நம் கண்ணகிதான். அவளைப் பற்றிக் கணநாத் ஒபயசேகர எழுதி 1984இல் வந்த ஆங்கில நூல், தமிழ்நாட்டில் எழுதப்பட்ட எந்தக் கண்ணகி ஆய்வுக்கும் குறைந்ததில்லை. இந்தக் கடவுளர் தாமாக எதையும் ஆள்வதில்லை. புத்தரிடமிருந்து வரம் பெற்று, அந்த வரத்தின் எல்லைக்குள் அதிகாரம் செய்கிறார்கள். நமக்கு வரம் என்றால் கேட்டுப் பெறும் கொடை. அங்கே அது ஏறக்குறைய நியமனக் கடிதம்.

கம்பளைப் பக்கம் போகிற வழியில் பாறைமேல் நிற்கும் லங்காதிலகவில் இதைக் கட்டடமாகவே பார்க்கலாம். 1344இல் எழுந்தது, அங்கே பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு உண்டு. கிழக்கு வாசலால் நுழைந்தால் பெரிய புத்தர். வெளியே வந்து சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் அதே கட்டடத்தின் முதுகில் கடவுளரின் அறைகள். ஒரே கூரை, இரண்டு வாசல். முன்வாசலில் கேட்க ஒன்றும் இல்லை, வணங்கலாம். கேட்க வேண்டியதைப் பின்வாசலில் கேட்க வேண்டும். பிள்ளை வரம், வழக்கு, வயிற்றுவலி எல்லாம் அங்கேதான்.

அப்படியானால் மாளிகையில் ஆள்வது யார்? ஏ. எம். ஹோக்கார்ட் என்ற மானுடவியலாளர் 1920களில் இலங்கைத் தொல்லியல் ஆணையாளராக இருந்தவர். அரசனும் கடவுளும் தொடக்கத்தில் ஒரே ஆள்தான் என்பது அவருடைய வாழ்நாள் வாதம். அதற்குக் கண்டியைவிட நல்ல ஆய்வுக்கூடம் அவருக்குக் கிடைத்திருக்க முடியாது. 1931இல் வந்த அவருடைய நூல் தலதா மாளிகையைப் பற்றியது. பல்லுக்கு நாள்தோறும் நடக்கும் உபசாரம் இது: விடியுமுன் மேளம். கதவு திறப்பு. முகம் கழுவ நீர், பல்குச்சி, துடைக்கத் துணி, விசிறி, சாமரம். பிறகு சோறும் கறிகளும், வெற்றிலையும். புதன்கிழமைகளில் வாசனை நீராட்டு. அந்த நீரைச் சின்னப் போத்தல்களில் வாங்கிப் போகிறவர்களின் முகத்தில் தெரியும் கவனம் வேறெங்கும் பார்க்கக் கிடைக்காது. இது ஒரு துறவியின் வாழ்க்கை முறை இல்லை, அரசனுடைய தினசரி. பல்லின் பேழை இருக்கும் அறையைச் சிங்களத்தில் ‘வெடஹிட்டின மாலிகாவ’ என்கிறார்கள், எழுந்தருளியிருக்கும் மாளிகை. எழுந்தருளுதல் நம் ஊரிலும் அரசனுக்கும் சாமிக்கும் உரிய வினை.

கபிலவஸ்துவில் அரசும் வேண்டாம், மனைவி மகனும் வேண்டாம் என்று நடுராத்திரியில் வெளியேறியவர் புத்தர். அவருடைய ஒரு பல், இலங்கையில் அரசைத் தருகிற பொருளாயிற்று. உலக அரசியல் வரலாற்றில் இதைவிடப் பெரிய முரண் எனக்குத் தெரிந்து இல்லை. கலிங்கத்திலிருந்து ஹேமமாலா தன் கூந்தலில் மறைத்து எடுத்துவந்தாள் என்பது மரபு. வந்தது நான்காம் நூற்றாண்டில், ஸ்ரீமேகவர்ணன் காலத்தில். பத்தாம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தனின் கல்வெட்டு, போதிசத்துவர் அல்லாதவர் இலங்கைக்கு அரசராவதில்லை என்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு உரோகணத்து அரசி சுகலாவோடு நடத்திய போரில் அவனுடைய படை தேடிப்போனது பல்லையும் பிச்சைப் பாத்திரத்தையும். அன்றைய தலைநகர் யாப்பகூவ விழுந்தபோது பாண்டியனின் தளபதி ஆரியச்சக்கரவர்த்தி பல்லை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டான். மூன்றாம் பராக்கிரமபாகு குலசேகர பாண்டியனிடம் நேரில் போய்க் கேட்டு வாங்கிவந்தான். தலதா சில காலம் மதுரையில் இருந்தது என்று சொன்னால் மதுரைக்காரர்களே நம்பமாட்டார்கள்.

இந்தக் கதையில் தமிழர் எடுத்துப் போகிறவர்களாக மட்டும் வருவதில்லை. பொலன்னறுவையில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று நிற்கிறது. முதலாம் விஜயபாகுவின் காலத்துக்குச் சற்றுப் பின்னர், தலதா கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றுக்கொண்ட ஆவணம் அது. கோயிலுக்கே ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இதே வேளைக்காரர்தான் அதற்கு முன்னால் விஜயபாகுவுக்கு எதிராகக் கலகம் செய்தவர்கள், சோழருக்கு எதிராகப் போருக்குப் போகச் சொன்னதற்காக. கலகம் அடக்கப்பட்டது, காவல் அவர்களிடமே வந்தது. பல்லின் காவலுக்கு அன்று மொழித் தேர்வு வைக்கவில்லை.

கண்டியை நிலையாகத் தலைநகராக்கிய விமலதர்மசூரியனின் கதை இன்னும் விசித்திரம். 1560இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைத் தாக்கியபோது ஒரு பல்லைக் கைப்பற்றிக் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். பெகு நாட்டு அரசன் பெரும் பணம் தருவதாகச் சொல்லியும் கொடுக்காமல், அடுத்த வருஷம் பேராயர் அதை உரலில் இடித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் விட்டார். அதே கோவாவில் சில காலம் இருந்தவன்தான், தொம் ஜொவான் என்று ஞானஸ்நானம் பெற்ற கோனப்பு பண்டார. போர்த்துக்கேயரோடு வந்து, அவர்களைக் கைவிட்டு, 1592 அளவில் கண்டி அரியணையைப் பிடித்தான். பிடித்தால் மட்டும் போதாது. தெல்கமுவ விகாரையில் குரக்கன் அரைக்கும் திரிகைக்குள் ஒளித்து வைத்திருந்த பல்லைக் கொண்டுவந்து தன் அரண்மனைக்குப் பக்கத்தில் இரண்டு தட்டு வீடு கட்டி வைத்தான். தொம் ஜொவானை விமலதர்மசூரியனாக்கியது அந்த வீடு. கோவாவில் எரிந்தது எது என்ற கேள்விக்குக் கண்டியின் பதில் எளிது: உண்மையான பல் எரியாது.

1739இல் நரேந்திரசிங்கன் வாரிசில்லாமல் இறந்தான். பட்டத்தரசியின் தம்பி, மதுரை நாயக்கர் வழியினன், ஸ்ரீவிஜய ராஜசிங்கனாக முடிசூடினான். பிறகு கீர்த்தி ஸ்ரீ, ராஜாதி ராஜசிங்கன், கடைசியாகக் கண்ணுச்சாமி என்ற ஸ்ரீவிக்கிரம ராஜசிங்கன். இந்த நால்வரும் வேற்றுச் சமயத்திலிருந்து வந்து பௌத்தக் காவலர் வேடம் போட்டார்கள் என்பதுபோல் எழுதுவது இரு தரப்பிலும் வழக்கமாகிவிட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதுரையில் சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் செய்து, அவள் கைச் செங்கோலை வாங்கித்தான் நாயக்க மன்னர் ஆண்டார்கள். நாட்டுக்கு உரியவள் அவள், இவர்கள் அவள் வைத்த ஆட்கள். (இன்றைக்கு அந்தச் செங்கோலை வாங்கிக்கொள்பவர், அரசாங்கம் நியமித்த கோயில் நிர்வாகத்தின் தலைவர்.) அப்படிப்பட்ட ஊர் மரபில் வந்தவனுக்கு, நாடு பல்லுடையது, நான் அதன் காவலன் என்று சொல்வதில் புதிதாக என்ன இருக்கிறது? 1750இல் திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, வாளை அவர் காலடியில் வைத்து, பத்மநாபதாசனாகத் திரும்ப எடுத்துக்கொண்டான். அப்போது கண்டியில் கீர்த்தி ஸ்ரீ பட்டத்துக்கு வந்து மூன்று வருஷம். தென்னாட்டு அரசியல் அன்று பேசிய பொது மொழி இது. 1986இல் சவூதி மன்னர் பஹ்த், மாட்சிமை தங்கிய என்ற பட்டத்தை விட்டுவிட்டு இரு புனிதப் பள்ளிகளின் ஊழியன் என்று தன்னை அழைக்கச் சொன்னபோது பேசியதும் ஏறக்குறைய அதே மொழிதான். பணிவான பட்டத்தில்தான் அதிகாரம் பத்திரமாக இருக்கும்.

கீர்த்தி ஸ்ரீ காவல் வேலையை முழுமனதாகச் செய்தவன். அற்றுப்போயிருந்த உபசம்பதா என்னும் முழுத் துறவுச் சடங்கை மீட்க, 1753இல் சயாமிலிருந்து உபாலி தேரரை வரவழைத்தான். மல்வத்த, அஸ்கிரிய பிக்கு பீடங்கள் இன்றுள்ள அமைப்பைப் பெற்றது அவன் காலத்தில். பெரஹரவில் கடவுளருக்கு முன்னால் தலதாவை வைத்ததும் அவன்தான். இவ்வளவுக்குப் பிறகும் 1760இல் அவனைக் கொல்லச் சதி நடந்தது. சதியில் பெயர் அடிபட்டவர்களில் அவனே உயர்த்திவைத்த வெலிவிட்ட சரணங்கர தேரரும் ஒருவர். சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று, அரசன் திருநீறு பூசுகிறான் என்பது. மாளிகையில் அவன் செய்தது எதிலும் குறை காணமுடியவில்லை, நெற்றியில் கண்டார்கள். காவலன் காக்கும் பொருளின் நிறத்திலேயே இருக்கவேண்டும் என்ற கோரிக்கை, எனக்குத் தெரிந்தவரை, அங்கே அப்போதுதான் சத்தமாகக் கேட்டது. வேளைக்காரரிடம் யாரும் அதைக் கேட்டதாக அந்தக் கல்வெட்டு சொல்லவில்லை.

ஸ்ரீவிக்கிரமன் மாளிகைக்கு முன்னால் எண்கோண மண்டபமான பத்திரிப்புவவைக் கட்டினான், ஏரியை வெட்டினான், பிரதானிகளைப் பகைத்துக்கொண்டான். 1815 பெப்ரவரி 18இல் பிடிபட்டான். மகுல் மடுவவில் வாசித்த உடன்படிக்கை அவனையும் ‘மலபார்’ உறவினரையும் நாட்டைவிட்டு விலக்கியது. அதில் கையொப்பமிட்ட பிரதானிகளில் சிலருடைய எழுத்து தமிழ் எழுத்து. தமிழ் வம்சத்தை விலக்கத் தமிழில் கையொப்பம் போட்ட அந்தப் பெரியவர்களை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஐந்தாவது பிரிவு, பௌத்த மதத்தையும் அதன் சடங்குகளையும் குருமாரையும் வழிபாட்டிடங்களையும் மீறாமல் பேணிக் காப்பதாக வாக்களித்தது. வாக்களித்தவர் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவரான அரசரின் ஆளுநர் பிரவுன்ரிக்.

ஆங்கிலேயர் கண்டியின் சிம்மாசனத்தை எடுத்துப்போய் விண்ட்சரில் வைத்தார்கள். அது 1934இல்தான் திரும்பியது. பல்லைத் தொடவில்லை. தொடவில்லை என்றால், கொண்டுபோகவில்லை. 1818 கிளர்ச்சியில் பிக்குகள் அதை மறைத்து எடுத்துக்கொண்டு போக, தேடிப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இனி ஆங்கிலேயரே உண்மையில் நாட்டின் எசமானர் என்று மக்கள் பேசிக்கொண்டதை, அப்போது அங்கிருந்த படை மருத்துவர் ஜோன் டேவி தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார். அதன்பின் பேழையறைத் திறவுகோல் பிரித்தானிய அதிகாரியின் பொறுப்பில், வாசலில் பிரித்தானியக் காவல். சிம்மாசனத்தைவிடத் திறவுகோல் பெரிது என்பதை அவர்கள் மூன்றே வருஷத்தில் கற்றுக்கொண்டார்கள்.

இதைப் பொறுக்காதவர்கள் பௌத்தர்கள் இல்லை, மிஷனரிமார். வெஸ்லியன் சபையின் ஸ்பென்ஸ் ஹார்டி 1839இல், கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரக வழிபாட்டுக்குக் காவல் நிற்பதா என்று துண்டுநூல் எழுதினார். லண்டன் அசைந்தது. 1847இல் திறவுகோலைக் கைமாற்றினார்கள். மறுவருஷம் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்து, தம்புள்ளையில் ஒருவன் அரசனாக முடிசூட்டிக்கொண்டதும் அவசரமாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 1853இல்தான் முடிவாக விட்டார்கள். அரசையும் மதத்தையும் பிரிக்கும் நவீனக் கொள்கை கண்டிக்கு வந்து சேர்ந்த வழி இது: ஒரு மதத்தின் ஆர்வலர்கள், இன்னொரு மதத்திடமிருந்து தங்கள் அரசைப் பிரித்தெடுக்கப் போட்ட சத்தம். பிக்குகள் பக்கத்திலிருந்து கேட்டது அதற்கு நேரெதிர். காப்பதாகக் கையெழுத்துப் போட்டீர்களே, இப்போது கைவிடுகிறீர்களே என்றார்கள்.

கண்ணுச்சாமி வேலூர்க் கோட்டையில் 1832 ஜனவரி 30இல் இறந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதிக்குத் தமிழ்நாட்டு அரசு முத்து மண்டபம் கட்டியிருக்கிறது. கண்டியில் அவன் உறவினர் குடியிருந்த தெரு மலபார் வீதி.

குடியரசுக்கு வருவோம். 1978 அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்புரை, இறைமை மக்களிடம் உள்ளது, பிறர்க்குக் கொடுக்கப்பட முடியாதது என்கிறது. தமிழ்நாட்டில் இறையாண்மை என்பார்கள். இலங்கைத் தமிழில் இறைமை. அரசனும் கடவுளும் வரியும் அடங்கிய அந்தப் பழைய வேர்ச்சொல்லை மக்கள் கையில் கொடுத்த மொழிபெயர்ப்பாளர் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம். ஒன்பதாம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்து, அதைப் பாதுகாத்துப் பேணுவது அரசின் கடமை என்கிறது. மற்ற மதங்களின் உரிமைகளுக்கும் உறுதி சொல்லிக்கொண்டே. 1972 அரசியலமைப்பிலும் இது இருந்தது. 1815இன் ஐந்தாவது பிரிவைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வினைச்சொற்கள் ஏறக்குறைய அப்படியே. காப்பேன் என்று சொல்பவர்தான் மாறியிருக்கிறார். இதை மதவாட்சி என்று எழுதுவது மிகை; பிக்கு பீடங்கள் சட்டம் இயற்றுவதில்லை, தேர்தலில் ஆட்சி மாறுகிறது. மதச்சார்பற்ற அரசு என்பதும் பொய். பழைய கண்டி ஏற்பாட்டில் அரசனின் நாற்காலியில் வாக்காளரை உட்காரவைத்து, மற்றதை இருந்தபடி விட்டிருக்கிறார்கள். 1989 ஜனவரி 2இல் பிரேமதாச ஜனாதிபதியாகப் பிரமாணம் எடுத்தது தலதா மாளிகையில். அவர் கொழும்பின் எளிய தெருவொன்றில் பிறந்தவர், கண்டிப் பிரதானிகளின் வழியினர் அல்லர். விமலதர்மசூரியனைப் போலவே அவருக்கும் அந்த வீடு தேவைப்பட்டது.

1998 ஜனவரி 25 காலையில் விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய லொறியை மாளிகை வாசலில் வெடிக்கவைத்தார்கள். சுதந்திரப் பொன்விழாவைக் கண்டியில் நடத்தப் பத்து நாள் இருந்தது. வழிபட வந்தவர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். பொன்விழா கொழும்புக்குப் போனது; இயக்கம் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. அதிர்ச்சியில் சாந்து உதிர்ந்த சுவர்களில், பிற்காலப் பூச்சுக்கு அடியிலிருந்து பழைய ஓவியங்கள் வெளிப்பட்டன. காப்பவனே ஆள்பவன் என்ற பழைய விதியை அந்தக் குண்டு தலைகீழாக வாசித்தது என்று எனக்குத் தோன்றுகிறது: காக்க முடியாதவன் ஆளத் தகுதியற்றவன். ஏறக்குறைய தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன் அதே பல்லுக்குத் தமிழில் கல்வெட்டு நாட்டிக் காவல் நின்றவர்கள் இருந்தார்கள் என்பதை இரு தரப்பிலும் யாரும் அப்போது நினைவுபடுத்தவில்லை. நினைவுபடுத்தியிருந்தாலும் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. கண்டியிலும் தோட்டங்களிலும் இருந்த தமிழர் அன்று மாலை கடைகளைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் இருப்பதே நல்லது என்று நினைத்திருந்தால் அதில் வியக்க ஒன்றுமில்லை.

பல்லைக் கண்ணால் காண்பது அரிது. 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை பத்து நாள் பேழையைத் திறந்து காட்டினார்கள், பதினாறு வருஷத்துக்குப் பிறகு. நகரம் தாங்காத கூட்டம். வரிசையில் இரவெல்லாம் நடைபாதையில் படுத்துக் காத்திருந்தவர்கள் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்திருந்தார்கள். அந்த மக்களுடைய பக்தியில் அரசியல் கிடையாது. மற்ற நாட்களில் மூன்று திறவுகோல்கள் மூன்று கைகளில்: மல்வத்த மகாநாயக்கர், அஸ்கிரிய மகாநாயக்கர், தியவடன நிலமே. மூவரும் சேராமல் பேழை திறக்காது. பிக்குகள் இருவர், இல்லறத்தார் ஒருவர். அரசன் போனபின் அவன் இடத்தில் மிஞ்சியிருப்பவர் அந்த மூன்றாமவர்தான். பெரஹர நாட்களில் அவருடைய நாலு முனைத் தொப்பியையும் அடுக்கடுக்கான உடையையும் பார்த்தால் யாருடைய நிழல் என்று தெரியும்.

அவரை 1931ஆம் ஆண்டின் பௌத்த கோயிற் சொத்துக் கட்டளைச் சட்டப்படி பத்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். மகாநாயக்கர்களுக்கு வாக்கு உண்டு, தேவாலயங்களின் பஸ்நாயக்க நிலமேமாருக்கும் விகாரை நம்பிக்கைப் பொறுப்பாளருக்கும் உண்டு. கண்டிப் பிரதேசங்களின் பிரதேச செயலாளர்களுக்கும் உண்டு, அவர்கள் பௌத்தராக இருந்தால். நாம் காணிப் பிரச்சினைக்கும் நிவாரணப் பட்டியலுக்கும் இலக்கம் எடுத்துக்கொண்டு வாங்கில் காத்திருக்கிறோமே, அதே பிரதேச செயலகத்து அறைக்குள் இருப்பவர்தான். அந்த நாற்காலிக்கு ஒரு தமிழரோ முஸ்லிமோ மாற்றலாகி வந்தால் காணிப் பத்திரத்தில் அவருடைய ஒப்பம் செல்லும். தியவடன நிலமே தேர்தல் அறிவித்தல் அவருக்கு வராது.